சிவப்புத் தொப்பிக்காரியைக் காப்பாற்றியது யார்?

"சிவப்புத் தொப்பிக் கதையில கடைசியா அந்தப் பொண்ணைக் காப்பாத்துறது யாரு?" யாரிடம் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: வேட்டைக்காரர். சிலர் விறகுவெட்டி என்பார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகம், கார்ட்டூன், யூடியூப் வீடியோ என்று எதில் கதையைத் தெரிந்துகொண்டிருந்தாலும் முடிவு இதுதான். ஓநாய் பாட்டியை விழுங்குகிறது, பேத்தியை விழுங்குகிறது, ஒரு ஆம்பளை வந்து வயிற்றைக் கிழித்து இருவரையும் வெளியே எடுக்கிறான்.

தேவதைக் கதைகளில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. "பழைய கதைன்னா அப்படித்தான் இருக்கும், அந்தக் காலத்துப் புத்தி அது, விடுங்க" என்பது ஒரு கட்சி. "இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதணும்" என்பது இன்னொன்று. பழைய கதையில் பெண் அப்பாவி, ஏமாளி, யாராவது வந்து காப்பாற்றும்வரை காத்திருப்பவள் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை.

எனக்கு அங்கேதான் சந்தேகம். எந்தப் பழைய கதையில்? யார் சொன்ன கதையில்? சிவப்புத் தொப்பிக் கதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். வாசித்ததில் கிடைத்ததை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

தொப்பியே இல்லாத கதை

1885 வாக்கில் பிரான்ஸின் நடுப்பகுதியில் உள்ள நியெவ்ர் மாவட்டத்தில் அக்கீல் மில்லியன் என்பவர் கிராமத்து வாய்மொழிக் கதைகளைச் சேகரித்தார். அவற்றில் ஒன்று 'பாட்டியின் கதை'. பல ஆண்டுகள் காகிதக் கட்டில் கிடந்த இதை 1950களில் பால் தெலாரு என்ற நாட்டாரியல் அறிஞர் அச்சில் கொண்டுவந்தார். கதை இப்படிப் போகிறது.

ஒரு பெண் ரொட்டி சுட்டாள். மகளிடம் ஒரு சூடான ரொட்டியும் ஒரு பாட்டில் பாலும் கொடுத்துப் பாட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வழியில் ஒரு முச்சந்தி. அங்கே 'ப்ஸூ' நிற்கிறது. ப்ஸூ என்றால் அந்த வட்டார வழக்கில் ஓநாயாக மாறும் மனிதன். "எந்த வழியா போற? ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா?" என்று கேட்கிறது. பெண் ஊசிப் பாதை என்கிறாள். ப்ஸூ மற்ற பாதையில் ஓடி, முன்னாலேயே போய்ப் பாட்டியைக் கொன்று, கறியை அலமாரியிலும் ரத்தத்தைப் பாட்டிலிலும் வைத்துவிட்டுப் படுக்கையில் படுத்துக்கொள்கிறது.

பெண் வருகிறாள். பசி. அலமாரியில் இருப்பதைச் சாப்பிடச் சொல்கிறது ப்ஸூ. அவளும் விஷயம் தெரியாமல் பாட்டியின் கறியைச் சாப்பிடுகிறாள். அங்கிருக்கும் பூனை ஒன்று அவளைக் கேவலமாகத் திட்டுகிறது. பிறகு ஒவ்வொரு துணியாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறது ப்ஸூ. "இனிமே உனக்கு அது தேவைப்படாது." படுக்கையில் அந்தப் பிரபலமான கேள்விகள் வருகின்றன: ஏன் இவ்வளவு முடி, ஏன் இவ்வளவு பெரிய நகம், ஏன் இவ்வளவு பெரிய வாய்?

இங்கேதான் கதை திரும்புகிறது. "பாட்டி, எனக்கு வெளிக்குப் போகணும்" என்கிறாள் பெண். "படுக்கையிலேயே போ" என்கிறது ப்ஸூ. "இல்ல பாட்டி, வெளியதான் போகணும்" என்று அவள் விடாமல் நிற்கிறாள். கடைசியில் அவள் காலில் ஒரு கம்பளி நூலைக் கட்டி வெளியே அனுப்புகிறது. அவள் வெளியே வந்ததும் நூலை அவிழ்த்து, முற்றத்தில் நின்ற பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடுகிறாள். உள்ளே ப்ஸூ பொறுமை இழந்து குரல் கொடுக்கிறது. பதில் இல்லை. எழுந்து துரத்துகிறது. அது வீட்டு வாசலை அடைவதற்கும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதற்கும் சரியாக இருக்கிறது. கதை முடிந்தது.

வேட்டைக்காரர் இல்லை, விறகுவெட்டி இல்லை. சிவப்புத் தொப்பியும் இல்லை. "அம்மா சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாமே" என்ற உபதேசம்கூட இல்லை.

மில்லியனுக்கு இதைச் சொன்னவர்கள் ஆண்கள்தான். அதனால் 'பெண்கள் சொன்ன கதை வீரமானது, ஆண்கள் சொன்ன கதை மோசமானது' என்று சுலபமாகக் கோடு போட்டுவிட முடியாது. கோடு வேறு இடத்தில் இருக்கிறது, வருகிறேன்.

இன்னொரு பிரெஞ்சு வாய்மொழி வடிவத்தில் தப்பித்த பெண் ஓடிவந்து ஆற்றங்கரையில் நிற்கிறாள். அங்கே துணி துவைக்கும் பெண்கள் படுக்கை விரிப்பை ஆற்றின் குறுக்கே விரித்துப் பிடிக்கிறார்கள். அவள் அதன்மேல் நடந்து அக்கரை சேர்கிறாள். துரத்தி வந்தவனும் விரிப்பைக் கேட்கிறான். பிடிக்கிறார்கள். அவன் நடு ஆற்றுக்கு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான், ஆள் காலி.

ஊசியும் குண்டூசியும்

அந்த முச்சந்திக் கேள்வி விநோதமாகப் படலாம். பாதையில் ஏது ஊசி? குழந்தைக் கதையின் அர்த்தமில்லாத வேடிக்கை என்றுதான் பலர் ஒதுக்கினார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் இவோன் வெர்தியே அதை ஒதுக்கவில்லை. அவர் பர்கண்டியில் மினோ என்ற கிராமத்தில் தங்கிப் பெண்களின் வேலைகளை ஆராய்ந்தவர். துவைக்கும் பெண், தையல்காரி, சமையல்காரி என்று வரிசையாக.

அந்த வட்டாரத்தில் பதினைந்து வயது வாக்கில் பெண்களை ஒரு குளிர்காலம் முழுக்கத் தையல்காரியிடம் அனுப்பும் வழக்கம் இருந்தது. தையல் கற்க என்பது பெயருக்கு. உண்மையில் பெண்ணாக நடந்துகொள்ளவும், அலங்கரித்துக்கொள்ளவும் அங்கேதான் கற்றார்கள். குண்டூசி என்பது அந்த வயதின் அடையாளம். பையன்கள் காதல் பரிசாகக் குண்டூசி கொடுப்பதும் உண்டு. நூல் கோத்த ஊசி அதற்கு அடுத்த நிலை, வளர்ந்த பெண்ணின் வேலை. ஆக, "ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா?" என்ற கேள்வி ஒரு கிராமத்துப் பெண்ணின் காதில் "நீ எந்த வயசுல இருக்க?" என்று விழுந்திருக்கும்.

பாட்டியைச் சாப்பிடும் அருவருப்பான இடத்தையும் வெர்தியே இப்படித்தான் படிக்கிறார். பேத்தி பெரியவளாகிப் பாட்டியின் இடத்தைப் பிடிக்கும் தலைமுறை மாற்றத்தைக் கதை பச்சையாகச் சொல்கிறது என்கிறார். இந்த விளக்கம் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி, நூல், துவைக்கும் துணி, ரொட்டி, உடம்பின் அவசரம் என்று இந்தக் கதையில் வரும் பொருள்கள் எல்லாம் பெண்களின் அன்றாடத்திலிருந்து வந்தவை. அவளைக் காப்பாற்றுவதும் இவைதான். அவள் வாள் எடுக்கவில்லை. ஒரு முடிச்சை அவிழ்த்து வேறொரு இடத்தில் போட்டாள்.

பெரோ என்ன செய்தார்?

1697இல் பாரிஸில் ஷார்ல் பெரோவின் கதைத் தொகுப்பு வந்தது. மொத்தம் 8 கதைகள். சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, நீலத்தாடி, பூட்ஸ் போட்ட பூனை எல்லாம் இதில்தான். பெரோவுக்கு அப்போது 69 வயது. பிரெஞ்சு அகாடமி உறுப்பினர், பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேரிடம் நீண்டகாலம் வேலை பார்த்தவர். புத்தகம் அரசரின் தம்பி மகளுக்குச் சமர்ப்பணம். சிவப்புத் தொப்பிக் கதை அச்சேறியது இதில்தான். தொப்பியையும் நாம் இங்கேதான் முதலில் பார்க்கிறோம்.

பெரோவின் கதையில் ஊசிகள் இல்லை, நரமாமிசம் இல்லை, பூனை இல்லை, 'வெளிக்குப் போகணும்' இல்லை. அரண்மனைப் பெண்கள் படிக்கிற புத்தகத்தில் அதெல்லாம் எப்படி வரும்? வருவது ஊரிலேயே அழகான ஒரு சின்னப் பெண். எல்லாரும் செல்லம் கொடுத்த குழந்தை. காட்டில் ஓநாயிடம் பேசுகிறாள், பூப்பறித்து விளையாடுகிறாள், படுக்கைக்குப் போகிறாள், கேள்விகள் கேட்கிறாள். ஓநாய் தின்றுவிடுகிறது. முற்றும். மீட்பு எதுவும் கிடையாது.

காட்டில் பார்த்ததுமே ஓநாய் ஏன் அவளைத் தின்னவில்லை என்பதற்குப் பெரோ ஒரு காரணம் சொல்கிறார்: பக்கத்தில் விறகுவெட்டிகள் இருந்தார்கள். அதாவது ஆண்கள் கதையில் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் நடக்கும்போது ஒருவரும் வருவதில்லை.

கதைக்குப் பின்னால் செய்யுளில் ஒரு நீதி வருகிறது. அழகான, நல்ல குடும்பத்து இளம்பெண்கள் கண்டவர் பேச்சையும் கேட்கக் கூடாது. இளம்பெண்களின் பின்னாலேயே வீடுவரை வரும் சாதுவான, இனிமையான ஓநாய்கள்தான் மிக ஆபத்தானவை என்பது சாரம். கவனித்தீர்களா? ஓநாய் என்றால் ஆண் என்று பெரோவே சொல்லிவிட்டார். ஆனால் அறிவுரை ஓநாய்க்கு இல்லை, பெண்ணுக்கு. இத்தனைக்கும் அவர் கதையில் அம்மா எந்த எச்சரிக்கையும் கொடுக்கவில்லை. ஓநாயிடம் நின்று பேசுவது ஆபத்து என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது என்று பெரோவே எழுதுகிறார். எந்தக் கட்டளையையும் மீறாத ஒரு குழந்தை சாகிறது. பழி அவள்மேல் விழுகிறது.

எது பழசு என்ற தகராறு

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "பாட்டியின் கதை 1885இல் பதிவானது. பெரோ 1697. அப்புறம் எப்படி பெரோதான் மாத்தினார்னு சொல்றீங்க?"

ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. தெலாருவும், பின்னாளில் ஜாக் ஸைப்ஸும் பெரோவுக்கு முன்பே இந்த வாய்மொழிக் கதை புழங்கியது என்றார்கள். பெரோவின் தொப்பியும் நீதியும் இல்லாமல், ஊசிப் பாதையும் நரமாமிசமும் சேர்ந்தே வரும் வடிவங்கள் வெவ்வேறு ஊர்களில் கிடைப்பது அவர்களின் முக்கிய ஆதாரம். அச்சுக் கதையைத்தான் மக்கள் மாற்றிச் சொன்னார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு.

இன்னும் பின்னால் போனால் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியேஜ் நகரத்து ஆசிரியர் எக்பர்ட் எழுதிய ஒரு லத்தீன் பாட்டு இருக்கிறது. ஐந்து வயதுப் பெண், ஞானஸ்நானத்தில் கிடைத்த சிவப்புக் கம்பளி ஆடை. அவளை ஓநாய் தூக்கிப்போய்க் குட்டிகளிடம் போடுகிறது. அவளோ என் சட்டையைக் கிழிக்காதீர்கள் என்று குட்டிகளை அதட்டுகிறாள். அவையும் கடிக்காமல் அவளிடம் கொஞ்சுகின்றன. இதுதான் நம் கதையின் வேர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலும் ஓநாயிடம் சிக்கிய சின்னப் பெண் பிழைத்து வந்த கதை ஒன்று இருந்தது.

கிழக்கே போனால் சீனா, தைவான் பக்கம் 'புலிப் பாட்டி' கதைகள் ஏராளம். அங்கும் பாட்டி வேடத்தில் மிருகம். அங்கும் வெளியே போகணும் என்று சாக்குச் சொல்லி மரத்தில் ஏறித் தப்பிக்கும் பெண்கள். 2013இல் டர்ஹாம் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜேமி டெஹ்ரானி, உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் முறையில் இப்படிப்பட்ட 58 கதைகளை ஒப்பிட்டார். ஐரோப்பிய சிவப்புத் தொப்பிக் கதையும் 'ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும்' கதையும் தனித்தனிக் குடும்பங்கள், கிழக்காசியக் கதைகள் இரண்டின் அம்சங்களும் கலந்தவை என்பது அவர் முடிவு.

என் பார்வையில், எது மூத்தது என்ற வழக்கு தீராமலேயே போனாலும் பரவாயில்லை. ஒரு பேச்சுக்கு பெரோதான் முதல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெரோவின் புத்தகம் வந்து ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்தும், தின்னப்பட்ட பெண்ணைக் கிராமத்து மக்கள் தங்கள் கதையில் தப்பிக்க வைத்திருக்கிறார்கள் என்று ஆகும். இரண்டில் எது உண்மையானாலும், 'அந்தக் காலத்துப் புத்தி அது' என்ற வாதம் நிற்காது. அந்தக் காலத்தில் இரண்டு புத்தியும் இருந்தது. அச்சுக்குப் போனது ஒன்று மட்டும்.

அதே பாரிஸில் எழுதிய பெண்கள்

அச்சுக்குப் போனது ஒன்று மட்டும் என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. பெரோ எழுதிய அதே 1690களில் பாரிஸின் வரவேற்பறைக் கூட்டங்களில் தேவதைக் கதை எழுதியவர்களில் பெரும்பகுதி பெண்கள். பிரெஞ்சில் 'தேவதைக் கதைகள்' என்ற பெயரைத் தன் புத்தகத் தலைப்பாக வைத்து நிலைநிறுத்தியதே மதாம் தோல்நுவா என்ற பெண்தான், அதுவும் அதே 1697இல். அவருடைய ஒரு கதையில் பெண் ஒருத்தி ஆண் வேடத்தில் வீரனாகப் போய் அரசருக்காகச் சாகசங்கள் செய்கிறாள்.

பெரோவின் உறவுக்காரரான மரீ-ழான் லெரித்தியேவின் கதை ஒன்றில் ஃபினெத் என்ற இளவரசி வருகிறாள். அக்காக்களை ஏமாற்றிய ஒரு இளவரசன் இவளையும் வளைக்கப் பார்க்கிறான். இவள் கையில் சுத்தியலைக் காட்டி அவனைத் தள்ளி நிறுத்துகிறாள். அப்புறம் கீழே சாக்கடைக் குழி இருக்கும் இடத்தில் மெத்தையை விரித்து வைத்து, அவனைப் படுக்கச் சொல்கிறாள். படுத்தவன் நேரே சாக்கடைக்குள். 'ஓநாய்' வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு, பெரோவின் புத்தகத்துக்குச் சற்று முன்பே அவர் குடும்பத்துப் பெண் ஒருவர் எழுதிய பதில் இது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரோவின் தொகுப்பை மறுபதிப்பு செய்தவர்கள் இந்தக் கதையையும் அதில் சேர்த்துவிட்டார்கள். பல காலம் இதைப் பெரோவின் கதை என்றே மக்கள் படித்தார்கள். எழுதிய பெண்ணின் பெயர் போனது. பெரோவின் எட்டுக் கதைகள் உலகம் சுற்றின. ஃபினெத் எத்தனை பேருக்குத் தெரியும்?

க்ரிம்மின் இரண்டாவது ஓநாய்

இப்போது ஜெர்மனி. 1812இல் க்ரிம் சகோதரர்களின் தொகுப்பின் முதல் பாகம். சிவப்புத் தொப்பிக் கதையை அவர்களுக்குச் சொன்னவர்கள் காஸல் நகரத்து ஹாஸென்ஃப்ளுக் குடும்பத்து இளம்பெண்கள் யானெட்டெயும் மரியும். தாய்வழியில் பிரெஞ்சு ஹூகனாட் வம்சம். அதனால் 'ஜெர்மானியக் கிராமத்துக் கிழவி சொன்ன கதை' என்ற பிம்பத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். பெரோ கதையின் சாயல் இந்த வழியாக வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வேட்டைக்காரர் எங்கிருந்து வந்தார்? 1800இல் லுத்விக் டீக் எழுதிய நாடகத்தில் ஒரு வேட்டைக்காரர் ஓநாயைச் சுடுகிறார். ஆனால் பெண் அதற்குள் செத்துவிடுகிறாள். வயிற்றைக் கிழித்துக் கல் நிரப்பும் உத்தி 'ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும்' கதையில் இருப்பது. க்ரிம் கதையில் இரண்டும் ஒன்றாகி நமக்குத் தெரிந்த முடிவு பிறந்தது. அங்கேயும் ஓடிப்போய்க் கல் கொண்டுவருவது அந்தப் பெண்தான். பல படப்புத்தகங்களில் அதுகூட வேட்டைக்காரர் வேலையாகிவிட்டது.

பெரோவிடம் இல்லாத இன்னொன்றும் க்ரிம்மில் சேர்ந்தது: அம்மாவின் கட்டளை. ஒழுங்காகப் போ, பாதையை விட்டு விலகாதே. பெண் விலகுகிறாள், தண்டனை கிடைக்கிறது, இனி அம்மா பேச்சை மீற மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். பெரோவிடம் 'ஆண்களிடம் ஜாக்கிரதை' என்று இருந்த கதை இங்கே 'சொன்ன பேச்சைக் கேள்' ஆகிவிட்டது.

இது க்ரிம்மின் பொதுப்போக்கும்தான். 1812 ரபுன்ஸல் கதையில், கோபுரத்துப் பெண் தன் துணி ஏன் இறுகிவிட்டது என்று கேட்பாள். கர்ப்பம் என்று படிப்பவருக்குப் புரியும். குழந்தைகளுக்கு ஆகாது என்ற விமர்சனம் வந்தபின், பிந்தைய பதிப்புகளில் அவள் மந்திரக்காரியிடமே "இளவரசனைவிட நீங்க ஏன் இவ்வளவு கனமா இருக்கீங்க?" என்று உளறுகிறாள். உடம்பு சம்பந்தப்பட்டதை எடுத்தார்கள், அந்த இடத்தில் முட்டாள்தனத்தை வைத்தார்கள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்தது 1812இல் பெற்ற தாய், 1819இல் மாற்றாந்தாய். பெற்ற தாய் கெட்டவளாக இருக்கக் கூடாது என்பதற்காக, எத்தனையோ சித்திகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். க்ரிம்மின் சிவப்புத் தொப்பிக் கதை வேட்டைக்காரரோடு முடிவதில்லை! அதற்குப் பிறகு இன்னொரு பகுதி இருக்கிறது. 1812 பதிப்பிலும் இருக்கிறது, 1857இன் கடைசிப் பதிப்பிலும் இருக்கிறது.

இன்னொரு முறை அவள் பாட்டி வீட்டுக்குப் போகும்போது இன்னொரு ஓநாய் பேச்சுக் கொடுக்கிறது. அவள் நிற்காமல் நேரே போய்ப் பாட்டியிடம் சொல்கிறாள். "அதன் கண்ணே சரியில்ல, நடு ரோடா இல்லாம இருந்தா தின்னுருக்கும்" என்கிற மாதிரி. இருவரும் கதவைத் தாழிடுகிறார்கள். ஓநாய் வந்து தட்டுகிறது, குரல் மாற்றிப் பேசுகிறது. பதில் இல்லை. கூரைமேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது, பெண் சாயங்காலம் வெளியே வந்தால் பிடிக்கலாம் என்று. பாட்டிக்கு அதன் திட்டம் புரிந்துவிடுகிறது. வாசலில் ஒரு பெரிய கல் தொட்டி. "நேத்து சாசேஜ் வேக வெச்ச தண்ணி இருக்கு, எடுத்துட்டு வந்து தொட்டியில ஊத்து" என்கிறாள் பேத்தியிடம். அவள் வாளி வாளியாகத் தூக்கி நிரப்புகிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, சறுக்கி, தொட்டியில் விழுந்து மூழ்கிச் சாகிறது. பெண் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறாள்.

பாட்டியும் பேத்தியும், சமையல் தண்ணீரும். வேட்டைக்காரர் பக்கத்தில்கூட இல்லை. ஊசி நூல் கதையின் அதே குணம் இது: அடுப்படியில் இருப்பதை வைத்து எதிரியை வீழ்த்துவது, வயதான பெண்ணின் அறிவும் இளம்பெண்ணின் உழைப்பும் சேர்வது. இதை யாரும் ஆவணக் காப்பகத்தில் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. உலகத்திலேயே அதிகம் அச்சான கதைப் புத்தகங்களில் ஒன்றில், வேட்டைக்காரருக்கு அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்குச் சுருக்கும்போது, கதைதான் முடிந்துவிட்டதே என்று அதற்கு முன்னாலேயே வெட்டிவிடுகிறார்கள்.

துப்பாக்கி எடுத்த பெண்கள்

இருபதாம் நூற்றாண்டில் கதையை விளக்கியவர்களும் வந்தார்கள், திருப்பி எழுதியவர்களும் வந்தார்கள். 1951இல் உளவியலாளர் எரிக் ஃப்ரோம் சிவப்புத் தொப்பி மாதவிடாய், உடையக் கூடாத பாட்டில் கன்னிமை என்று விளக்கம் எழுதினார். பிரெஞ்சு விவசாயிகள் சொன்ன கதையில் தொப்பியும் இல்லை, 'பாட்டில் உடையாமல் பார்த்துக்கோ' என்ற எச்சரிக்கையும் இல்லை, பிறகு எதற்கு இந்த விளக்கம் என்று 1984இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் கிண்டலடித்தார். 1975இல் சூசன் பிரவுன்மில்லர் இதை வன்புணர்வுக் கதையாகவே படித்து, பெண்ணைச் செயலற்றவளாகப் பழக்குகிறது என்று கடுமையாக விமர்சித்தார்.

எழுத்தாளர்களில் ஜேம்ஸ் தர்பர் 1939இலேயே பெண்ணின் கூடையில் துப்பாக்கியை வைத்துவிட்டார். ஓநாயைச் சுட்டுவிடுகிறாள். 1982இல் ரோல்ட் டாலின் பெண்ணும் அப்படித்தான். 1972இல் லிவர்பூல் பக்கத்துப் பெண்கள் குழு எழுதிய வடிவத்தில் அவள் ஓநாயைக் கத்தியால் கொல்கிறாள். 1979இல் ஏஞ்சலா கார்ட்டர் வேறு திசையில் போனார். அவர் கதையில் பெண் ஓநாயைப் பார்த்துச் சிரிக்கிறாள், பயப்படவே இல்லை. சீனக் கதையை வைத்து எட் யங் வரைந்து எழுதிய படப்புத்தகம் 1990இல் கால்டிகாட் பதக்கம் வாங்கியது. அதில் மூன்று சகோதரிகள் சேர்ந்து ஓநாயை மரத்திலிருந்து கீழே போடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு கூத்தும் நடந்தது. 1990 வாக்கில் கலிஃபோர்னியாவில் இரண்டு கல்வி மாவட்டங்கள் ஒரு சிவப்புத் தொப்பிப் படப்புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து எடுத்தன. காரணம் ஓநாய் இல்லை, பாட்டி விழுங்கப்பட்டதும் இல்லை. கூடையில் ஒயின் பாட்டில் இருந்ததாம்!

துப்பாக்கிக் கதைகள் எனக்குப் பிடிக்கும், சிரிக்க வைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் நடப்பது வேட்டைக்காரரின் வேலையைப் பெண்ணிடம் கொடுப்பது. தைரியம் என்றால் ஆயுதம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. ஊசிப் பாதைக்காரியிடம் ஆயுதம் கிடையாது. உடம்பில் பலமும் கிடையாது. அவள் படுக்கையில் இருக்கும்போது நிச்சயம் பயந்துதான் இருப்பாள். பயத்தோடேயே யோசித்தாள்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு இந்த நூல் கதையை, கறி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒரு நாள் சொன்னேன். யார் காப்பாற்றினார்கள் என்பதில் அவளுக்கு அக்கறையே இல்லை. "முடிச்சு எப்படி அவிழ்த்தா? இருட்டுல தெரியுமா? மரத்துல கட்டாம சும்மா ஓடியிருந்தா என்ன ஆகும்?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். நூல் இழுபடாமல் தளர்ந்தால் ஓநாய்க்குத் தெரிந்துவிடும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். வேட்டைக்காரர் கதையில் இப்படி யோசிக்க ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் முடியும்.

கோடு எங்கே இருக்கிறது?

முன்னால் ஒரு கோடு பற்றிச் சொன்னேன். ஆண் சொன்ன கதை, பெண் சொன்ன கதை என்பது இல்லை அந்தக் கோடு. நியெவ்ரில் ஆண்கள் சொன்ன கதையில் பெண் தப்பித்தாள். காஸலில் இளம்பெண்கள் சொன்ன கதையில் வேட்டைக்காரர் வந்தார். கதையை எதற்காகச் சொல்கிறோம் என்பதில்தான் கோடு இருக்கிறது. ஓநாயிடம் சிக்கினால் எப்படித் தப்பிப்பது என்று சொல்லும் கதை ஒன்று. ஓநாயிடம் சிக்கியது உன் தப்பு என்று சொல்லும் கதை இன்னொன்று. முதலாவதில் பெண்ணுக்கு மூளை வேண்டும், இல்லையென்றால் கதை நகராது. இரண்டாவதில் மூளை இருக்கக் கூடாது, இருந்தால் நீதி நிற்காது.

இரண்டாவது வகைக் கதை நமக்கும் அந்நியம் இல்லை. ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தது என்று செய்தி வந்ததும், "அந்த நேரத்துல அங்க அவளுக்கு என்ன வேலை?" என்று கேட்கும் முதல் குரலைக் கவனியுங்கள். பெரோவின் நீதிப்பாட்டைப் படிக்காதவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் வீட்டில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையை மாற்றி எழுத வேண்டாம், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். வேட்டைக்காரர் வந்து போனதும் புத்தகத்தை மூடாமல், "அப்புறம் ஒரு நாள் இன்னொரு ஓநாய் வந்துச்சு" என்று ஆரம்பியுங்கள். தொட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பாட்டியும் உயிரோடுதான் இருக்கிறாள். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.